பெர்த்தா லம்னு ஒரு பிரிண்ட் மேக்கர், யாருங்க இவங்க? படத்தைப் பாத்தா ஜப்பான், பேரைப் பாத்தா வெள்ளைக்காரி

கண்ணாடிச்சட்டம்

வணக்கம் மக்களே. எனக்கு ஓவியம் பத்திலாம் பெருசா ஒண்ணும் தெரியாது, தப்பா ஏதாச்சும் கேட்டுட்டா திட்டாதீங்க. மேட்டர் என்னன்னா எங்க ஆபீஸ்ல ஒரு மேனேஜர் இருந்தாரு, அவர் ரூம்ல வருஷக்கணக்கா ஒரு படம் மாட்டியிருந்துச்சு, போன மாசம் அவரு ரிடையர் ஆகிப் போறப்ப "இந்த ரூமுக்கு வந்தா என்னைப் பாக்க மாட்ட, இதைத்தான் பாப்ப, நீயே வெச்சுக்கோ"ன்னு கழட்டி கையில குடுத்துட்டாரு.

ராத்திரி நேரம், மழை, ரெண்டு பொம்பளைங்க கிமோனோ கட்டிக்கிட்டு பேப்பர் குடை புடிச்சு முதுகைக் காட்டிட்டு நடந்து போறாங்க, தூரத்துல ஒரு லாந்தர், அந்த வெளிச்சம் ஈரத் தரையில மஞ்சளா கொழஞ்சு கெடக்குது, அவ்ளோதான் படம். ஆனா அந்த மஞ்சள் எங்க முடிஞ்சு இருட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு எத்தனை தடவை பாத்தாலும் புடிபடல. கீழ ஓரத்துல பென்சில்ல பெர்த்தா லம்னு இங்கிலீஷ்ல கையெழுத்து. நான் இத்தனை நாளா ஏதோ ஜப்பான்காரர் வரைஞ்சதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்.

தேடிப் பாத்தா மியூசியம் பக்கம் நாலஞ்சு வருது, எல்லாத்துலயும் ரெண்டு வரி தான், அமெரிக்கக்காரி, மர அச்சு, அவ்ளோதான். எனக்குத் தெரிய வேண்டியது: இவங்க யாரு, ஜப்பான்ல என்ன பண்ணிட்டிருந்தாங்க, இந்த மர அச்சுங்கறதை இவங்களே உக்காந்து செதுக்குனாங்களா இல்ல வரைஞ்சு குடுத்துட்டு ஆளை வெச்சு அடிச்சாங்களா? இவ்ளோ நல்லா பண்ணவங்க பேரு ஏன் ஒருத்தருக்கும் தெரியல? தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க, அவசரம் ஒண்ணும் இல்ல.

---

மைக்கூடு68

ஆஹா, பெர்த்தா லம் பேரை இந்தக் குழுவுல ஒருத்தர் கேப்பாருன்னு நான் நெனச்சே பாக்கல தம்பி. கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

1869-ல அயோவா மாகாணத்துல டிப்டன்னு ஒரு ஊர்ல பொறந்தவங்க. சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்ல டிசைன் படிச்சாங்க, அப்புறம் ஃபிராங்க் ஹோம்ங்கறவர் நடத்துன இல்லஸ்ட்ரேஷன் ஸ்கூல்ல படிச்சாங்க, கலர் கண்ணாடி வேலையும் கத்துக்கிட்டாங்க. இந்தக் கண்ணாடி விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா அந்த வேலையில கருப்புக் கோடு ஒரு பக்கம், கோட்டுக்குள்ள ரொப்புற கலர் இன்னொரு பக்கம், மர அச்சும் கிட்டத்தட்ட அதே கணக்கு தான். அந்தச் சமயம் அமெரிக்கால ஆர்தர் வெஸ்லி டவ்னு ஒரு வாத்தியார் ஜப்பான் படங்களை வெச்சுத்தான் கம்போசிஷன் சொல்லிக் குடுக்கணும்னு புக்கே போட்டுட்டாரு, அதனால ஆர்ட் படிச்ச பசங்க முக்கால்வாசிப் பேருக்கு ஜப்பான் பைத்தியம். இந்தம்மாவுக்கும் அது தான்.

1903-ல பர்ட் லம்னு மினியாபொலிஸ் வக்கீலைக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. முப்பத்தி மூணு முப்பத்தி நாலு வயசு இருக்கும். ஹனிமூனுக்கு எங்க போகணும்னு கேட்டதுக்கு ஜப்பான்னு சொல்லிட்டாங்க போல! ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் புருஷனை இழுத்துக்கிட்டு மர அச்சு பண்றவங்க எங்கன்னு தேடுனாங்க, ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. ஹொகுசாய் மாதிரி மர அச்சு மேதை பொறந்த நாட்டுல அச்சுக்காரன் கெடைக்கல, யோசிச்சுப் பாருங்க. போட்டோவும் லித்தோங்கற கல்லச்சும் வந்து அந்தத் தொழிலையே முழுங்கிட்டிருந்த நேரம் அது. கடைசி கடைசியா ஊருக்குக் கெளம்பப் போறப்ப, பழைய படங்களுக்கு நகல் போட்டு விக்குற ஒரு கடை கண்ணுல பட்டுச்சு, அங்க கொஞ்சம் உளியை வாங்கிக்கிட்டு கப்பல் ஏறிட்டாங்க. வீட்டுக்கு வந்து தானா முட்டி மோதி கத்துக்கிட்டது தான் ஆரம்பம்.

1907-ல திரும்பிப் போனாங்க, இந்தத் தடவை பதினாலு வாரம். இகாமி போன்கொட்சுன்னு டோக்கியோல பெரிய செதுக்குக்காரர், அவர்கிட்ட ரெண்டு மாசம் உளி புடிக்கக் கத்துக்கிட்டாங்க, அதுக்கப்புறம் நிஷிமுராங்கற அச்சுக்காரர்கிட்ட அச்சடிக்கறது. ஆக தம்பி, உங்க கேள்விக்குப் பதில், ஆரம்ப காலத்துப் படங்க அவங்க கையாலயே செதுக்கி அவங்களே அடிச்சது. 1911-ல மறுபடி போனப்ப தான் ஆளை வெச்சாங்க, ஆனா கடைக்குக் குடுத்து அடிக்கல, தன் வீட்டுலயே செதுக்குறவரையும் அச்சடிக்கறவரையும் ஒக்கார வெச்சு பக்கத்துலயே நின்னு பண்ண வெச்சாங்க. 1912-ல டோக்கியோ உவேனோ பார்க்ல நடந்த ஓவியக் கண்காட்சில படம் வெச்ச ஒரே வெளிநாட்டுப் பொம்பளை இவங்க தான். 1915-ல சான் ஃபிரான்சிஸ்கோ பனாமா பசிஃபிக் எக்ஸ்போல வெள்ளி மெடல்.

1922-ல சீனாவுல பீக்கிங், இப்ப பெய்ஜிங்னு சொல்றோமே, அங்க போயிட்டாங்க, நடுவுல கலிஃபோர்னியா வந்து போனாலும் அப்புறம் அது தான் வீடு மாதிரி. அதே 1922-ல "காட்ஸ், காப்ளின்ஸ் அண்ட் கோஸ்ட்ஸ்"னு கீழை நாட்டுப் பேய்க்கதை புக்கு, எழுத்தும் அவங்க படமும் அவங்க. 1936-ல "கேங்பிளாங்க்ஸ் டு தி ஈஸ்ட்"னு இன்னொண்ணு. என்னைக் கேட்டா அந்த நரிப் பொண்ணு, பனிப் பொண்ணு மாதிரி சமாச்சாரம் தான் அவங்க உசுரு, மத்ததெல்லாம் வித்து சாப்புடறதுக்கு. கோபிக்காதீங்க, உங்க மழைப் படத்தையும் சேத்துத் தான் சொல்றேன்.

---

எதிர்ப்பாட்டு

மைக்கூடு சார் நல்லா எழுதிருக்கீங்க, ஆனா எனக்கு இதுல ஒரு நெருடல் இருக்கு. 1904, 05-ல ஜப்பான் ரஷ்யாவோட சண்டை போட்டு ஜெயிச்ச நாடு, டோக்கியோல எலக்ட்ரிக் டிராம் ஓடிட்டிருக்கு, ஃபேக்டரி வந்தாச்சு. இந்தம்மா படத்துல ஒரு டிராம் இருக்கா? ஒரு கரண்டுக் கம்பம்? எல்லாம் லாந்தர், குடை, கிமோனோ, மூங்கில், பேய். வந்து எறங்குன ஊரைப் பாக்காம, வர்றதுக்கு முன்னாடி புக்குல படிச்ச ஊரை வரைஞ்சிட்டுப் போயிருக்காங்க. ஜப்பான் பேய்க்கதைங்களை இங்கிலீஷ்ல எழுதுன லாஃப்காடியோ ஹியர்ன் கதையை நாலு படிச்சிட்டு வந்த கூட்டத்துல இவங்களும் ஒருத்தர். வெள்ளைக்காரங்க வீட்டு ஹாலுக்கு ஏத்த ஜப்பான். இதை மறந்துட்டாங்கன்னு வருத்தப்பட என்ன இருக்குன்னு தெரியல.

---

உளிச்சத்தம்

எதிர்ப்பாட்டு, நீங்க சொல்றதுல பாதி சரி, அந்த மீதிப் பாதிக்கு அப்புறம் வரேன். முதல்ல கண்ணாடிச்சட்டம் அண்ணன் கேட்ட "யார் செதுக்குனது" கேள்விக்கு, ஏன் அது சாதாரணக் கேள்வி இல்லன்னு சொல்றேன், ஏன்னா நான் இதைப் பண்ணிப் பாத்து கையைக் கிழிச்சிக்கிட்டவ.

ஜப்பான் முறையில முதல்ல கோட்டு ஓவியத்தை மெல்லிசுத் தாள்ல வரைஞ்சு, அந்தத் தாளைக் கவுத்து செர்ரி மரப் பலகை மேல ஒட்டிருவாங்க. காஞ்சதும் பின்பக்கத்துல விரலை வெச்சு மெதுவா தேய்ச்சுத் தேய்ச்சு நாரை உருட்டி எடுத்தா, சவ்வு மாதிரி கோடு மட்டும் பலகையில நிக்கும். அந்தக் கோட்டை விட்டுட்டு மிச்சத்தைச் செதுக்கணும், அதாவது ஓவியரோட ஒரிஜினல் கோடு செதுக்கும்போதே அழிஞ்சு போயிரும், திரும்பி வராது. அப்புறம் ஒவ்வொரு கலருக்கும் ஒரு பலகை. பத்து கலர்னா பத்து தடவை அதே தாளு அதே எடத்துல உக்காரணும். அதுக்குப் பலகையோட ஒரு மூலையில எல் மாதிரி ஒரு சின்ன வெட்டு, ஓரத்துல நேரா இன்னொரு வெட்டு, கென்டோன்னு சொல்லுவாங்க. தாளோட மூலையை அதுல முட்டி வெச்சு விட்டா போதும். கேக்க ஈஸியா இருக்குல்ல?

நான் ஒரு ஒர்க்‌ஷாப்ல பண்ணது மூணே கலர். ஒரு எலை, ஒரு தண்டு, பின்னாடி கொஞ்சம் வானம். வளைவுல உளியை நான் திருப்புனேன், திருப்பக் கூடாது, பலகையைத் தான் திருப்பணும், கோடு நடுவுல டக்குனு பேந்துட்டு வந்துருச்சு. அதை ஒட்டி சமாளிச்சேன். அப்புறம் தாளை ஈரமாவே வெச்சிருக்கணும்னு சொன்னாங்க, நான் டீ குடிக்கப் போயிட்டு வந்தேன், அதுக்குள்ள தாள் காஞ்சு சுருங்கி மூணாவது கலர் ஒரு மயிரிழை தள்ளி விழுந்துச்சு. ஒரு மயிரிழை தான். எலைக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு கீத்து, பாக்கவே சகிக்கல. சொல்லிக் குடுத்தவரு சிரிச்சிட்டு "இருநூறு தாளு இப்புடி அடிக்கணும்மா"ன்னாரு.

இப்ப அண்ணன் சொன்ன மஞ்சள் வெளிச்சம், எங்க முடியுதுன்னு தெரியலன்னாரே, அதுக்குப் பேரு பொகாஷி. அது செதுக்குறதுல வர்றதில்ல. பலகையில ஒரு பக்கம் தண்ணியைத் தடவி, இன்னொரு பக்கம் கலரும் அரிசி மாவுப் பசையும் வெச்சு, பிரஷ்ஷால ரெண்டும் சேர்ற எடத்தைக் கலைச்சு விடணும். ஒவ்வொரு தாளுக்கும் புதுசா. அதனால தான் ஒரே பலகையில அடிச்ச ரெண்டு தாள் கூட அச்சு அசலா ஒண்ணா இருக்காது. அப்புறம் தாளை வெச்சு மேல பாரென்னு ஒரு வட்டத் தட்டு, உள்ள முறுக்குன கயிறு சுருளா இருக்கும், மேல மூங்கில் மட்டை சுத்தியிருக்கும், அதால உடம்பு பாரத்தைப் போட்டு தேய்க்கணும். பிரஸ்ஸெல்லாம் கெடையாது, தோள்பட்டை தான் பிரஸ். இதையெல்லாம் அந்த அம்மா பதினாலு வாரத்துல உக்காந்து கத்துக்கிட்டாங்கன்னா, அதுவும் செதுக்குறவரே தனி, அச்சடிக்கறவரே தனின்னு பரம்பரை பரம்பரையா பிரிச்சு வெச்சிருந்த ஊர்ல போய் ரெண்டையும் நானே கத்துக்குவேன்னு நின்னுருக்காங்கன்னா, எனக்கு மரியாதை இருக்கு.

எதிர்ப்பாட்டுக்கு: டிராம் இல்ல, கரண்டுக் கம்பம் இல்லன்னு சொன்னீங்க. ஆனா அதே வேலையை அடுத்த பத்து வருஷத்துல ஜப்பான்காரங்களே பண்ணாங்களே? வதனபே ஷோசபுரோன்னு பதிப்பாளர், மழை, பனி, நிலா வெளிச்சத்துல கோயில், அழகான பொண்ணுன்னு போட்டு வெளிநாட்டுக்கு ஏத்துமதி பண்ணாரு. அதுக்குப் பேரு ஷின் ஹங்கா, புது அச்சு, அதை மட்டும் எல்லாரும் தலையில வெச்சு ஆடுறோம். பழைய ஜப்பானை வித்தது தப்புன்னா ரெண்டு பேரும் தான் வித்தாங்க.

---

எதிர்ப்பாட்டு

வதனபே ஊருக்காரர். அவர் தன் பாட்டி வீட்டைத் தானே வித்தாரு. இது வேற. ஆனா சரி, கோட்டு ஓவியம் அழிஞ்சு போயிரும்னு சொன்னீங்களே, அது எனக்குத் தெரியாது, நல்ல தகவல். கைக்கு மருந்து போட்டீங்களா?

---

மைக்கூடு68

எதிர்ப்பாட்டு தம்பி, உங்க கட்சியை நான் முழுசா மறுக்கல. ஹியர்ன் விஷயம் உண்மை தான், அவர் எழுதுன பேய்க்கதைங்கள்ல இருந்து லம் நெறைய எடுத்திருக்காங்க. ஆனா இதே காலத்துல போன மத்த பொம்பளைங்களோட வெச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும்.

ஹெலன் ஹைட்னு ஒருத்தங்க, 1899-லயே டோக்கியோ போயிட்டாங்க, எமில் ஓர்லிக்ங்கற பிராக் ஓவியர் கிட்ட மர அச்சு அடிப்படையைக் கத்துக்கிட்டு 1914 வரைக்கும் அங்கயே இருந்தாங்க. அவங்க படம் பூரா அம்மாவும் கொழந்தையும். நல்லா வித்துச்சு. கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி, எனக்கு ஒத்துக்காது. எலிசபெத் கீத், ஸ்காட்லாந்து, 1915-ல அக்கா வீட்டைப் பாத்துட்டு வரலாம்னு டோக்கியோ போனவங்க ஒம்பது வருஷம் தங்கிட்டாங்க. கொரியால அவங்க வரைஞ்ச வாட்டர்கலரைப் பாத்துட்டு வதனபே தான் கூப்புட்டு அச்சு போட வெச்சாரு. ஆனா அவங்க வரைவாங்க, வதனபேயோட ஆளுங்க செதுக்கி அடிப்பாங்க. லிலியன் மில்லர் வேற கேஸு, டோக்கியோலயே பொறந்தவங்க, அப்பா அமெரிக்க தூதரக ஆளு, பிற்காலத்துல செதுக்கறதும் அடிக்கறதும் எல்லாம் சொந்தக் கை, 1923 பூகம்பத்துல பண்ணி வெச்சிருந்ததெல்லாம் போச்சு. பூகம்பத்தோட வந்த தீயில வதனபே கடையும் மொத்தமா எரிஞ்சுது.

லம் இந்த எதுலயும் சேராம நடுவுல நிக்கறாங்க. பதிப்பாளர் கையில மாட்டல, ஆளை வெச்சாலும் தன் கூரைக்குக் கீழ வெச்சாங்க. சீனா போனதுக்கப்புறம் அது இன்னும் விசித்திரமா போச்சு. செதுக்குன பலகை மேல மெத்துன்னு ஈரத்தாளை வெச்சு அந்தப் பள்ளத்துக்குள்ள அமுத்தி எடுப்பாங்க, கோடெல்லாம் தாள்ல புடைச்சுக்கிட்டு நிக்கும், அப்புறம் உள்ள கையால கலர் கொடுப்பாங்க. விரலை வெச்சுத் தடவுனா கோடு தட்டுப்படும். அதை மர அச்சுன்னு சொல்றதா, ஓவியம்னு சொல்றதான்னு இன்னைக்கும் விக்கறவங்களுக்குக் குழப்பம் தான். நான் முன்னாடி கண்ணாடி வேலைன்னு சொன்னேனே, ஈயப் பட்டை புடைச்சிட்டு நிக்கும், நடுவுல கலர். அறுபது வயசை நெருங்குறப்ப கூட கையி சிகாகோவுல கத்துக்கிட்டதை மறக்கல. இது என் யூகம் தான், ஆனா அந்தப் படங்களைப் பாத்தா நீங்களும் அதையே தான் சொல்லுவீங்க.

ஏன் பேரு தெரியலன்னு கேட்டீங்க. ஒரு காரணம் பணம். 1929 பொருளாதார வீழ்ச்சிக்கு அப்புறம் அமெரிக்கால கலர் பிரிண்ட் வாங்கிட்டிருந்த ஆளுங்க கையில காசு இல்ல. அப்புறம் ஜப்பான் மேல வெறுப்பு, சண்டை, ஜப்பான் படத்தைச் சுவத்துல யாரு மாட்டுவா? இன்னொண்ணு, அமெரிக்க ஓவிய வரலாறு எழுதுறவன் இவங்க ஜப்பான் பாணின்னு விட்டுட்டான், ஜப்பான் அச்சு வரலாறு எழுதுறவன் இவங்க அமெரிக்கான்னு விட்டுட்டான்.

---

கண்ணாடிச்சட்டம்

ஐயோ இவ்ளோ விஷயம் இருக்கா! எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உளிச்சத்தம் மேடம், அந்தப் பொகாஷி மேட்டரைப் படிச்சிட்டு ஓடிப் போய் படத்தைப் பாத்தேன், இப்ப தான் புரியுது, அந்த மஞ்சளை எவனோ பிரஷ்ஷால இழுத்து விட்டிருக்கான்.

சரி கடைசில இந்தம்மா என்ன ஆனாங்க? ஒரு பக்கத்துல 1954 ஜெனோவான்னு போட்டிருக்கு. பீக்கிங்ல இருந்தவங்க இத்தாலிக்கு எப்படிப் போனாங்க?

---

பழையபேப்பர்

நான் இங்க படிக்கறதோட சரி, எழுதறதில்ல, ஆனா இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும்ங்கறதால வரேன். எனக்கு அந்தம்மாவைத் தெரிஞ்சது ஓவியத்தால இல்ல, ஒரு மரண தண்டனையால.

பெர்த்தா லம்முக்கு ரெண்டு பொண்ணு. பெரியவ கேத்தரின். சின்னவளை எல்லாரும் பீட்டர்னு தான் கூப்புடுவாங்க, பீட்டர் லம்ங்கற பேர்லயே புக்கும் எழுதுனாங்க, கல்யாணம் பண்ணது காலின் க்ரோன்னு ஒரு பிரிட்டிஷ் தூதரக அதிகாரியை. கேத்தரின் கட்டிக்கிட்டது அன்டோனியோ ரீவாங்கற இத்தாலிக்காரரை. ரீவா ஷாங்காய்லயே பொறந்தவர், முதல் உலகப் போர்ல இத்தாலி விமானப் படையில ஏழு விமானத்தைச் சுட்டு வீழ்த்துனவர், சண்டை முடிஞ்சதும் சீனா வந்து தொழில் பண்ணிட்டிருந்தாரு. அம்மா, பொண்ணு, மாப்பிள்ளை எல்லாம் பீக்கிங்ல.

1949-ல கம்யூனிஸ்ட் ஆட்சி வந்துச்சு. மறு வருஷம் செப்டம்பர்ல, தேசிய தினத்துக்குச் சில நாள் முன்னாடி ரீவாவை வந்து புடிச்சிட்டுப் போறாங்க. குத்தச்சாட்டு என்னன்னா, அக்டோபர் 1 அன்னைக்கு டியானன்மென் மேடையில மாவோ நிக்கறப்ப மோர்ட்டார் குண்டு போட்டுக் கொல்லத் திட்டம் போட்டாங்கன்னு. கூட யமகுச்சி ரியூஇச்சின்னு ஒரு ஜப்பான்காரர், அப்புறம் தார்சிசியோ மார்த்தினான்னு இத்தாலிப் பாதிரியார், இன்னும் சிலர். வெளிய அதை நம்புனவங்க கம்மி. 1951 ஆகஸ்ட் 17, ரீவாவையும் யமகுச்சியையும் ஒரே நாள்ல சுட்டுட்டாங்க. பாதிரியாருக்கு ஆயுள் தண்டனை.

இதுல கொடுமை என்ன தெரியுமா, அந்த நேரம் சின்ன மாப்பிள்ளை காலின் க்ரோவும் பீக்கிங்ல தான் இருக்காரு, பிரிட்டிஷ் தரப்புல வேலை, பீட்டரும் கூடவே இருக்காங்க. ஒரு மாப்பிள்ளை ஜெயில்ல, இன்னொரு மாப்பிள்ளை அதே ஊர்ல தூதரக ஆளு, ஆனா ஒண்ணும் பண்ண முடியல. பீட்டர் லம் அந்த மூணு வருஷத்தைப் பத்தி, 1950-ல இருந்து 53 வரைக்கும் பீக்கிங்ல இருந்ததைப் பத்தி, பின்னாடி ஒரு புக்கு எழுதுனாங்க.

பெர்த்தாவுக்கு அப்ப எம்பது வயசு தாண்டிருச்சு. அந்த ஊரை விட்டு அவங்க வெளிய வந்தது 1953-ல தான். போய்ச் சேந்தது ஜெனோவா, பெரிய பொண்ணு கேத்தரின் கிட்ட. அடுத்த வருஷமே செத்துட்டாங்க. ஹனிமூனுக்கு ஜப்பான் போன அம்மா, அம்பது வருஷம் கழிச்சு இத்தாலில.

---

மைக்கூடு68

பழையபேப்பர், ரீவா மேட்டர் எனக்குத் தெரியும், ஆனா அந்த ரெண்டு மாப்பிள்ளையும் ஒரே ஊர்ல இருந்தாங்கங்கறதை இப்புடி பக்கத்துல பக்கத்துல வெச்சு நான் யோசிச்சதே இல்ல. நீங்க இனிமே அடிக்கடி எழுதுங்க.

---

எதிர்ப்பாட்டு

படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. நான் முன்னாடி சொன்னதை வாபஸ் வாங்கல, ஆனா "படிச்ச ஊரை வரைஞ்சிட்டுப் போயிருக்காங்க"ன்னு எழுதுனேன் பாருங்க, அந்தப் "போயிருக்காங்க" தப்பு. போகல. அங்கயே கெடந்துருக்காங்க.

---

உளிச்சத்தம்

அண்ணே கண்ணாடிச்சட்டம், ஒண்ணு கேக்கவே மறந்துட்டேன். படத்தை ஃபிரேம்ல இருந்து கழட்டிப் பாத்தீங்களா? கழட்டுறதா இருந்தா கை கழுவிட்டு, வெறும் மேஜை மேல சுத்தமான துணி விரிச்சு, ஆணியை மெதுவா எடுங்க, பின்னாடி டேப் ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, தாளோட வந்துரும்.

தாளைத் திருப்பி வெளிச்சத்துல பாருங்க. தண்ணிக் கலர்ல கையால அடிச்சதுன்னா கலர் தாளுக்குள்ள எறங்கி பின்பக்கமும் மங்கலா தெரியும், ஏன்னா மேல பூசுனது இல்ல, நாருக்குள்ள தேய்ச்சு ஏத்துனது. தாளுல வச்சிரப் பசையும் படிகாரமும் கலந்து பூசியிருப்பாங்க, கலர் ஓவரா ஊறிறக் கூடாதுன்னு, அப்பவும் கொஞ்சம் எறங்கும். அப்புறம் பாரென் போன தடம் வளையம் வளையமா பளபளன்னு இருக்கும், சாய்ச்சுப் பாத்தா தான் தெரியும். கடைசியா ஒரு பூதக்கண்ணாடி எடுத்து அந்த மஞ்சள் வெளிச்சத்து மேல வெச்சுப் பாருங்க. ஒரே சீரா புள்ளி புள்ளியா வந்துச்சுன்னா அது மெஷின்ல அடிச்சது. பென்சில் கையெழுத்தையும் விட்டுறாதீங்க, சாய்ச்சுப் பாத்தா ஒரிஜினல் பென்சில் லேசா மினுங்கும்.

---

கண்ணாடிச்சட்டம்

நேத்து ராத்திரி கழட்டுனேன். மனைவி டார்ச் புடிச்சாங்க, பையன் ஸ்கூல் புராஜெக்ட்டுக்கு வாங்குன பூதக்கண்ணாடி.

பின்பக்கம் சுத்த வெள்ளை. ஒரு கலரும் எறங்கல. வளையமும் இல்ல, எந்தப் பக்கம் சாய்ச்சாலும் ஒண்ணும் இல்ல. மனசு அப்பவே லேசா பொசுக்குன்னு ஆச்சு, சரி அது ஏதாவது தடிமனான தாளா இருக்கும்னு என்னை நானே சமாதானம் பண்ணிக்கிட்டு கண்ணாடியை எடுத்து மஞ்சள் மேல வெச்சேன். புள்ளி. மஞ்சப் புள்ளி, நீலப் புள்ளி, செகப்புப் புள்ளி, வரிசை வரிசையா கோலம் போட்ட மாதிரி. அந்த எங்க முடியுதுன்னே தெரியாத எடம் இருக்குல்ல, அங்க புள்ளி சின்னதாகிட்டே போகுது, அவ்ளோதான். கையெழுத்தும் அதே புள்ளி தான், சாம்பல் கலர்ல. மினுங்கல.

பையன் "அப்பா இது பிரிண்ட் அவுட்டா?"ன்னு கேட்டான்.

---

உளிச்சத்தம்

அடடா. சாரி அண்ணே. நான் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்.

---

மைக்கூடு68

தம்பி, ஏதாவது மியூசியம் போட்ட போஸ்டரோ பழைய காலண்டர் தாளோ வெட்டி ஃபிரேம் போட்டிருப்பாங்க, நல்ல நகல் தான் போல, இல்லன்னா இத்தனை வருஷம் உங்களை ஏமாத்தியிருக்காது. நெஜ அச்சைப் பாக்கணும்னா மியூசியம்காரங்க அவங்க பக்கத்துல பெருசா ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்காங்க. "தனபாத்தா", "கைட்ஸ்", "பாயின்ட் லோபோஸ்"னு தேடுங்க. கடைசியா சொன்னது கலிஃபோர்னியா கடற்கரை, அங்க ஒரு குடையும் கெடையாது, எதிர்ப்பாட்டு தம்பியும் பாக்கலாம்.

---

எதிர்ப்பாட்டு

பாத்தேன். நல்லாத்தான் இருக்கு, போங்க.

உங்க மேனேஜருக்குத் தெரியுமா அது நகல்னு?

---

கண்ணாடிச்சட்டம்

தெரியாதுன்னு தான் நெனைக்கறேன். குடுக்கறப்ப "பத்திரமா வெச்சுக்கோ, ஒரிஜினலு"ன்னு தான் சொன்னாரு. போன் பண்ணி சொல்லலாமான்னு எடுத்தேன், வேணாம்னு வெச்சிட்டேன். இன்னைக்குக் காலைல ஆணி அடிச்சு மாட்டியாச்சு, ஹால்ல, லைட் நேரா விழாத எடத்துல.